பார்க்கிங் தளத்தின் முட்டுகளை 5 நாளில் எடுக்கலாமா?

தூத்துக்குடியில் கடைகளும் அலுவலகங்களும் வரும் ஒரு கட்டடத்தை ஒரு வாசகர் கட்டிக்கொண்டிருக்கிறார். கீழே இரண்டு அடுக்கு கார் பார்க்கிங், 6 மீட்டர் ஸ்பான் (தாங்கும் இடங்களுக்கு நடுவே உள்ள தூரம்), எம் 30 கான்கிரீட் (28 நாளில் 30 எம்பிஏ, அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் அழுத்தம் தாங்கும் ரகம்). சென்ட்ரிங் சாமான் (கான்கிரீட்டைத் தாங்கும் ஷீட்டும் முட்டும்) ஒரு தளத்துக்குத்தான் இருக்கிறது என்பதால், ஆக்சிலரேட்டர் என்னும் வேகப்படுத்தும் கெமிக்கலைக் கலந்துவிட்டால் 5 நாளில் முட்டு எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்கிறாராம் கான்ட்ராக்டர். எந்த கெமிக்கல் நல்லது என்று கேட்டிருக்கிறார்.

ஷீட்டைச் சீக்கிரம் பிரிக்கலாம், கீழே தாங்கி நிற்கும் முட்டுகளை எடுக்காதீர்கள். இரண்டையும் ஒன்றாகப் பேசுவதில்தான் ஆபத்தே இருக்கிறது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 படி, முட்டு நிற்கிற மாதிரி இருந்தால் ஸ்லாப்பின் அடி ஷீட்டை 3 நாளிலும் பீமின் அடிப்பலகையை 7 நாளிலும் எடுக்கலாம், ஆனால் 4.5 மீட்டருக்கு மேல் ஸ்பான் உள்ள ஸ்லாப்புக்கு முட்டு 14 நாள் நிற்க வேண்டும். இது ஓபிசி (சாதாரண போர்ட்லேண்ட்) சிமென்டுக்குச் சொன்ன கணக்கு, பிபிசி (சாம்பல் போன்ற பொசோலானா கலந்தது) என்றால் இன்னும் தள்ளிப் போகும்.

சரி, கெமிக்கலுக்கு வருவோம். ஆக்சிலரேட்டரில் சீக்கிரம் இறுக வைப்பது ஒரு வகை, இறுகிய பிறகு சீக்கிரம் பலம் ஏற வைப்பது இன்னொரு வகை. தூத்துக்குடி வெயிலில் முதல் வகை உங்களுக்கு வேண்டவே வேண்டாம், ரெடிமிக்ஸ் லாரி வந்து சேர்வதற்குள் கலவை கட்டிப்போய், கூலியாட்கள் அதில் தண்ணீரை ஊற்றுவார்கள், அத்தோடு போட்ட கணக்கெல்லாம் போச்சு. நம் ஊர் சூடே பாதி ஆக்சிலரேட்டர் வேலையைச் செய்துவிடுகிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று கால்சியம் குளோரைடு கலந்த சரக்கை வாங்கிவிடாதீர்கள். கன மீட்டருக்கு 400 கிலோ சிமென்ட் என்று வைத்தால் அதில் 1 சதவீதம் போட்டாலே ஏறக்குறைய 2 கிலோ குளோரைடு உள்ளே போகும், கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு மொத்த வரம்பே 0.6 கிலோதான். கடல் காற்று வேறு சும்மா இருக்காது, சில வருடத்திலேயே கம்பி துருப்பிடித்து உப்பி, கவர் கான்கிரீட்டைப் பெயர்த்துக் கார் மேல் போடும்.

பலம் சீக்கிரம் வரவேண்டும் என்றால் தண்ணீரைக் குறையுங்கள். அதற்கான கெமிக்கல்தான் பிசிஇ (பாலிகார்பாக்சிலேட் ஈதர்) வகை சூப்பர்பிளாஸ்டிசைசர், தண்ணீர் குறைந்தாலும் கலவையைக் குழைவாக வைப்பது. கடலோரத்தில் கான்கிரீட்டுக்குத் தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.45-ஐத் தாண்டக்கூடாது என்பதுதான் விதி, பிசிஇ இருந்தால் குழைவு கெடாமலே 0.36 வரை இறக்கலாம். 400 கிலோ சிமென்டுக்கு 180 லிட்டர் தண்ணீர் போன இடத்தில் 145 லிட்டர் போதும். ஓபிசி 53 சிமென்டோடு இப்படிப் போட்டால் 3 நாளில் 25 எம்பிஏ தொடுவது நம் வெயிலில் அபூர்வமில்லை, உப்பும் உள்ளே இறங்கத் தடுமாறும். எம் 30-ஐ எம் 40 ஆக்குவதற்கு ஆகும் கூடுதல் செலவை, மிச்சமாகும் சென்ட்ரிங் வாடகையோடு வைத்துப் பாருங்கள்.

பிசிஇ எல்லா சிமென்டோடும் ஒத்துப்போகாது. எம்-சாண்டில் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) மண் தூள் அதிகமிருந்தால் அதுவே கெமிக்கலைக் குடித்துவிடும், அளவு கூடினால் ஜல்லி தனியாகக் கீழே இறங்கி, இறுகுவதும் மணிக்கணக்கில் தாமதமாகும். சிமென்ட் எடையில் 0.5 முதல் 1.2 சதவீதம் என்பது வழக்கமான வரம்பு, உங்கள் அளவு எது என்பதை மார்ஷ் கோன் சோதனையும் (சிமென்ட் குழம்பு புனல் வழியே ஓடும் நேரத்தை அளப்பது) ட்ரையல் மிக்ஸும்தான் சொல்ல வேண்டும், மேஸ்திரியின் மூடிக்கணக்கு அல்ல. கால்சியம் நைட்ரைட்டையும் யோசிக்கலாம், பலத்தைச் சீக்கிரம் ஏற்றும், கம்பியைத் துருவிலிருந்து காக்கவும் செய்யும். ஆனால் அது இறுகலையும் வேகப்படுத்துவதால் ரிடார்டர் (இறுகலைத் தாமதிக்கும் கெமிக்கல்) சேர்த்துத்தான் போட வேண்டும்.

எப்போது பிரிப்பது என்பதை கியூப்தான் (அதே கலவையில் வார்த்து, உடைத்துப் பலம் பார்க்கும் கான்கிரீட் கட்டி) முடிவு செய்ய வேண்டும். லேப் தொட்டியில் ஊறிய கியூப் இதற்கு உதவாது, ஸ்லாப் பக்கத்திலேயே அதே வெயிலில் வைத்த கியூபை உடையுங்கள். பிரிக்கும்போது கான்கிரீட்டில் வரப்போகும் அழுத்தத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு பலம் இருக்க வேண்டும் என்கிறது விதி, அந்த எண்ணை உங்கள் டிசைன் இன்ஜினியரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

1973 மார்ச் 2 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஸ்கைலைன் பிளாசா கட்டடத்தில் முட்டை முன்கூட்டியே எடுத்ததால் 23-ஆவது தளம் காலம்களைச் சுற்றிப் பிளந்து விழுந்தது. மேலிருந்து தரைவரை இடிந்து, பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பார்க்கிங்கையும் சாய்த்தது. 14 பேர் இறந்தார்கள். உங்கள் கட்டடம் அவ்வளவு உயரமில்லைதான், ஆனால் மேல்தளக் கான்கிரீட் போடும் அன்று அதன் ஈர எடை முழுவதும் கீழே இருக்கும் இளம் ஸ்லாப் மேல்தானே இறங்குகிறது? அதனால் மேலே போடும்போது கீழே இரண்டு தளத்திலும் முட்டு நேருக்கு நேராக நிற்கட்டும். முட்டை எடுத்துவிட்டுத் திரும்ப வைப்பதைவிட, தொடாமல் விட்டு ஷீட்டை மட்டும் உருவுகிற மாதிரி சென்ட்ரிங் அடிக்கச் சொல்லுங்கள். ஷீட் ஒரு செட் போதும், கூடுதலாக ஜாக்கி முட்டு மட்டும் வாடகைக்கு எடுங்கள்.

அப்புறம், பலம் வந்தாலும் விறைப்பு அதே வேகத்தில் வராது. இளசில் முட்டை இழந்த ஸ்லாப் மெல்லத் தொய்ந்து, பார்க்கிங்கில் தண்ணீர் வடிய வைத்த சரிவே போய்விடும்.

தண்ணீர் குறைந்த கலவை மேலே நீர் கசியாது, அதனால் மட்டம் தட்டிய சில நிமிடத்திலேயே வெடிப்பு ஓட ஆரம்பிக்கும். மாலையில் கான்கிரீட் போடுங்கள், உடனே பாலிதீன் ஷீட் போட்டு மூடுங்கள், மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், குறைந்தது 7 நாள், பிபிசி என்றால் 10 நாள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இதற்கும் அதைத் தொடாதீர்கள், லாரித் தண்ணீர்தான்.