கையில் ஒட்டும் சிவப்பு மை: தாம்பூலப் பைகளைத் திருப்பிக் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் அப்பச்சியின் மணிவிழாவுக்காக, மஞ்சள் பருத்தித் துணியில் சிவப்பு எழுத்து அச்சிட்ட 300 தாம்பூலப் பைகளுக்குக் காரைக்குடி அச்சகம் ஒன்றில் சொல்லியிருந்தோம். கட்டைப் பிரித்தால் ஒரு பையின் எழுத்து அடுத்த பையின் முதுகில் ஒட்டியிருக்கிறது. விரலால் தேய்த்தால் மை வருகிறது. சில பைகளில் எழுத்துகள் அடைபட்டுக் கிடக்கின்றன. போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார் அச்சகத்துக்காரர். விழாவுக்குப் பதினைந்து நாளே உள்ளது. வாங்கிக்கொள்ளலாமா? (வாசகி, தேவகோட்டை)

பதில்: உங்கள் பைகளில் இரண்டு குறைகள் கலந்திருக்கின்றன, ஒன்றை இனியும் சரிசெய்யலாம், மற்றது மறுபடி அச்சிட்டாலொழியத் தீராது.

மை கையில் வருவது முதற்குறை. எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். துணியின் இழை தட்டுப்பட்டால் அது தண்ணீர் கலந்த பிக்மெண்ட் மை. ரப்பர் படலம்போல் வழவழப்பாக இருந்தால் அது பிளாஸ்டிசால் என்னும் பிளாஸ்டிக் கலந்த மை. பிளாஸ்டிசால் எத்தனை நாள் காற்றில் கிடந்தாலும் காயாது. ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸ் சூடு படலம் முழுவதும் ஏறினால்தான் இறுகும். ஆகவே அந்த மையாக இருந்தால் ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. அச்சகத்துக்கே அனுப்பி, சூடேற்றித் தரச் சொல்லுங்கள். வீட்டு இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் நேராக வைத்தால் எழுத்து பெட்டியோடு வந்துவிடும்.

பிக்மெண்ட் மையென்றால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. பைகளைப் பிரித்து ஓரிரு நாள் நிழலில் உலர்த்திய பிறகு, உள்பக்கத்திலிருந்து, நீராவி இல்லாமல், பருத்திக்குரிய சூட்டில் இரண்டு மூன்று நிமிடம் இஸ்திரி போடுங்கள். முதலில் ஒரே ஒரு பையில் செய்து, ஆறவிட்டு, ஈரமான வெள்ளைத் துணியால் பத்து முறை தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் மஞ்சள் ஏறினால் அது துணிச் சாயத்தின் குற்றம், மையின் குற்றமன்று. சிவப்பு ஏறினால் நிறத்தைத் துணியில் பிடித்துவைக்கும் பைண்டரோ, அந்தப் பிடிப்பை உறுதியாக்கும் ஃபிக்ஸரோ மையில் போதவில்லை, அல்லது கஞ்சி போகாத துணியில் அச்சிட்டிருக்கிறார்கள். அத்தகைய பைகளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த பையில் ஒட்டிய கறையும் போகாது. காயுமுன் அடுக்கியதால் வந்தது அது.

எழுத்து அடைபடுவது மையின் தன்மையால் அன்று, வேலையின் அவசரத்தால் வருவது. மையில் தண்ணீர் கூடினாலும், மையை வழியவிடும் வலைச்சட்டமான ஸ்கிரீனின் துணி தொய்ந்திருந்தாலும், மையை இழுக்கும் ரப்பர் பட்டையான ஸ்க்வீஜியின் முனை மழுங்கியிருந்தாலும், ஸ்கிரீனுக்கும் பைக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விடாமல் படிய வைத்து இழுத்தாலும் ‘ழ’, ‘ஞ’, ‘ணி’ போன்றவற்றின் சுழிகள்தாம் முதலில் மூடிக்கொள்ளும். நம் பக்கத்துப் பைகளில் புள்ளி வைத்து நீளும் தலைப்பெழுத்துகள் வேறு உண்டு. புள்ளி பரவி எழுத்தோடு சேர்ந்தால் பெயரே மாறிப்போகும். இவற்றை எண்ணித் தனியே வைத்து, அத்தனைக்கும் மறு அச்சு கேளுங்கள். பதினைந்து நாள் தாராளம்.

அச்சகத்துக்காரர் மறுத்தால், ரசீதையும் படங்களையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 300 பைக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியிராது. மீதித் தொகை உங்கள் கையில் இருந்தால் அதுவே போதும்.

கேள்வி: வீட்டிலேயே பை அச்சிடும் தொழில் தொடங்கியுள்ளேன். பத்துப் பைக்கு ஒருமுறை மை ஸ்கிரீனில் காய்ந்து அடைத்துக்கொள்கிறது. விலை கூடிய மை வாங்கவா? (வாசகி, கோட்டையூர்)

பதில்: வேண்டாம். தண்ணீர் மை நம் ஊர் வெயிலில் அப்படித்தான் காயும். மின்விசிறியை நிறுத்துங்கள், ஒவ்வொரு இழுப்புக்குப் பின்னும் ஸ்கிரீன்மீது மெல்ல மையைப் பரப்பி வையுங்கள், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டரைச் சிறிது சேருங்கள். பைத்துணிக்குச் சென்டிமீட்டருக்கு 43 முதல் 55 இழை கொண்ட மெஷ், அதாவது ஸ்கிரீனின் வலைத்துணி, பொருந்தும். காகித அச்சுக்கான நெருக்கமான மெஷ்ஷைக் கடையில் கொடுத்திருந்தால், எந்த மை வாங்கினாலும் அடைக்கும். முதலில் அதைப் பாருங்கள்.