படிப்பில் ஒட்டாத பிள்ளைகளுக்குக் கைவேலைப் பட்டறை: கேள்வி பதில்

பட்டறை நடத்துபவர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு, பல வருடமாக சைக்கிள் பழுதும் தச்சும் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

முதல் நாள் பதினைந்து பேர் வந்தார்கள். மூன்றாம் வாரம் நாலே பேர். எங்கே தப்பு, அண்ணா?

முதல் நாள் அறிமுகம், விதிமுறை என்று ஒரு மணி நேரம் பேசினீர்களா? அதிலிருந்து தப்பித்துத்தானே அவர்கள் உங்களிடம் வந்தார்கள்! வந்த பத்து நிமிடத்தில் கையில் வேலை இருக்க வேண்டும். நான் எப்போதும் பஞ்சரில்தான் தொடங்குவேன். டியூபில் காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கினால் குமிழி வரும். அந்த இடத்தைத் துடைத்து உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஈரம் போகும்வரை காத்திருந்து ஒட்டுப் போட வேண்டும். அவசரப்பட்டால் பிடிக்காது. பொறுமையைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அப்புறம் மறுபடி தண்ணீரில் அமுக்கி, குமிழி இல்லை என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மார்க் வாங்கியே நொந்துபோன பிள்ளைகளுக்கு, சரியா தப்பா என்று இன்னொருவர் சொல்லாத வேலை எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா?

என் மகளுக்குப் பதினேழு வயது. பையன்கள் கருவியைப் பிடுங்கிக்கொள்வதால் ஓரமாக நிற்கிறாள்.

அம்மா, இதை நடத்துபவர்தான் சரிசெய்ய வேண்டும். இருவருக்கு ஒரு வேலை கொடுக்கச் சொல்லுங்கள். ஒருவர் செய்ய, மற்றவர் வாயால் மட்டும் உதவலாம், கை வைக்கக் கூடாது. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றட்டும். வருகைப் பதிவு எழுதும் வேலையை அவளிடம் தள்ளினால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சால்டரிங், அதாவது உலோகத்தை உருக்கி வயர்களை ஒட்டும் வேலை, கற்றுத்தரலாமா?

தரலாம். சால்டரிங் கருவியின் முனை 350 டிகிரி செல்சியஸ் வரை சுடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஒரு பெரியவருக்கு ஐந்தாறு பேருக்கு மேல் வேண்டாம். பேட்டரியில் ஓடும் பொருள்களே போதும்.

பழகுவதற்குப் பொருள் எங்கே தேடுவது?

அக்கம்பக்கத்து வீடுகளில் கேளுங்கள். 2009இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய ரிப்பேர் கஃபேயில் இதைத்தான் செய்கிறார்கள்: பழுதான பொருளோடு வருபவரும் வேலை தெரிந்தவரும் சேர்ந்து உட்கார்ந்து சரிசெய்வார்கள். யாரோ ஒருவர் திரும்ப வாங்க வருவார் என்று தெரிந்தால் பிள்ளைகளின் கவனமே வேறு.

ஒருவன் பேசுவதே இல்லை, போனோடு மூலையில் இருக்கிறான். அனுப்பிவிடலாமா?

வேண்டவே வேண்டாம். வாராவாரம் வருகிறான் அல்லவா? "தம்பி, இந்தப் பலகையை அந்தப் பக்கம் கொஞ்சம் பிடி" என்று கேட்டுப் பாருங்கள். என்னிடம் ஒரு பையன் ஐந்து வாரம் பலகை மட்டும்தான் பிடித்தான். ஆறாம் வாரம் "கோணலா அறுக்குறீங்க" என்றான். ரம்பத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன்.