அக்குள் கட்டையால் கை தொங்கிப்போனால்

கேள்வி: காலில் எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனது. ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்றார்கள். இரண்டு அக்குள் கட்டைகளை வைத்து நடக்கிறேன். இரண்டாவது வாரம் வலது புறங்கை மரத்தது. இப்போது மூன்றாவது வாரம், மணிக்கட்டைத் தூக்கவே முடியவில்லை, கை தொங்குகிறது. பக்கவாதமாக இருக்கும் என்கிறார் ஒருவர். கழுத்து எலும்புத் தேய்மானம், எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டும் என்கிறார் இன்னொருவர். அக்குளில் நரம்பு சுருண்டிருக்கிறது, பத்து நாள் அழுத்தித் தடவினால் எடுத்துவிடலாம் என்று ஒருவர் வீட்டுக்கே வந்து தடவுகிறார். கை திரும்பக் கிடைக்குமா? மறுபடி கட்டை பிடிக்கலாமா?

பதில்: பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்தத் தடவுகிறவரை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், கட்டையின் மேல்முனை அக்குளில் ஏறி அழுத்தி, அங்கே ஓடும் ரேடியல் நரம்பை நசுக்கியிருக்கிறது. இது அபூர்வமான வியாதி இல்லை. கட்டை என்று ஒன்று இருக்கும் காலத்திலிருந்தே இருக்கிற கோளாறு. அளவு பார்த்துக் கொடுத்திருந்தால் வந்தே இருக்காது என்பதுதான் எரிச்சல்.

அக்குள் என்றதும் தோல் மடிப்பும் வியர்வையும்தான் நம் நினைவுக்கு வரும். உண்மையில் அது மேலே போகப் போகக் குறுகும் ஒரு கூம்பு வடிவ அறை. முன்பக்கச் சுவர் மார்புத் தசைகள். பின்பக்கச் சுவர் தோள்பட்டை எலும்பைச் சேர்ந்த தசைகள். உட்பக்கம் விலா எலும்புகள், வெளிப்பக்கம் கையெலும்பு. அறையின் உச்சி காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே கழுத்தை நோக்கித் திறந்திருக்கிறது. கைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி, ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் சிரை, கழுத்துத் தண்டிலிருந்து ஐந்து வேர்களாகக் கிளம்பிப் பின்னிப் பிணைந்து வரும் நரம்புகள், எல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் இறங்குகின்றன. இவற்றைச் சுற்றிக் கொழுப்பும், நெறி கட்டும்போது நாம் தொட்டுப் பார்க்கிற நிணநீர் முடிச்சுகளும் இருக்கின்றன.

நான்கு பக்கமும் சுவர் இருக்கிறதா? கீழே மட்டும் இல்லை. தோல், அதன் உள்ளே ஒரு மெல்லிய உறை, கொஞ்சம் கொழுப்பு, அவ்வளவுதான். எலும்பும் கிடையாது, தடித்த தசையும் கிடையாது. வேண்டுமானால் நீங்களே தொட்டுப் பாருங்கள். வலது கையைப் பக்கவாட்டில் தூக்கி, இடது கையின் இரண்டு விரல்களை அக்குளில் கையெலும்பை ஒட்டி மெதுவாக வையுங்கள். துடிப்பு தெரியும். அதுதான் அக்குள் தமனி. அந்தத் தமனியின் பின்னால், பின்சுவர்த் தசையின் மேல் படுத்தபடி ரேடியல் நரம்பு போகிறது. மயக்க மருத்துவர்கள் கையை மட்டும் மரக்கவைக்க இந்த இடத்தில் ஊசி போடுவதும் இதனால்தான்: நரம்புகள் அவ்வளவு மேலாக, அவ்வளவு நெருக்கமாகக் கூடியிருக்கின்றன. அந்த இடத்தில் உங்கள் முழு உடல் எடையையும் ஒரு கட்டையின் முனையில் தொங்கவிட்டால் என்ன ஆகும்?

மற்ற நரம்புகளின் பெயர்களெல்லாம் உங்களுக்கு வேண்டாம். ரேடியல் நரம்பின் வேலையை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: முழங்கையை நீட்டுவது, மணிக்கட்டைத் தூக்குவது, விரல்களை அடிக்கணுவிலிருந்து நிமிர்த்துவது, புறங்கையில் கட்டைவிரல் பக்கத்துத் தொடு உணர்வு. நீங்கள் சொன்ன அடையாளங்கள் அப்படியே பொருந்துகின்றன. கையின் பிடிக்கும் பலமும் தளர்ந்திருக்கும், ஆனால் அது வேறு கதை. தொங்கும் மணிக்கட்டை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதையாவது இறுக்கிப் பாருங்கள், பிடி கணிசமாகத் திரும்பிவிடும். பிடிக்கும் தசைகளுக்குப் போகும் நரம்புகள் வேறு, அவை நன்றாகவே இருக்கின்றன.

பக்கவாதம் என்று சொன்னவர் பயத்தில் சொல்லியிருக்கிறார், அதைக் குறை சொல்ல மாட்டேன். பக்கவாதம் நிமிடக் கணக்கில் வரும். முகம் கோணும், பேச்சு குழறும், காலும் தளரும். உங்களுக்கு முதலில் மரத்து, பிறகு நாள் கணக்கில் கூடியிருக்கிறது. ஆனால் கை திடீரென்று ஒரே நொடியில் விழுந்திருந்தால் இந்தப் பதிலை வாசித்துக்கொண்டிருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ. விஷயத்தில் எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. நடுவயதைத் தாண்டிய யாருடைய கழுத்தை ஸ்கேன் எடுத்தாலும் எங்காவது ஒரு தேய்மானம், எங்காவது ஒரு டிஸ்க் பிதுக்கம் தெரியும். அதைக் காகிதத்தில் அச்சடித்துக் கையில் கொடுத்த பிறகு, வைத்தியம் கைக்கு நடக்காது, காகிதத்துக்கு நடக்கும். கழுத்துப் பட்டை, கழுத்து இழுவை, ஊசி, பிறகு அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு. இந்த ஸ்கேனுக்கு ஆள் பிடித்து அனுப்பிக் கமிஷன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களிடம் சொன்னவர் அந்த வகையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கழுத்து வலி இல்லை, கட்டை பிடிக்க ஆரம்பித்த பிறகுதான் வந்தது என்றால் முதல் பரிசோதனை கழுத்து ஸ்கேன் இல்லை. கட்டையை அளந்து பார்ப்பதுதான் முதல் பரிசோதனை. அதற்குச் செலவு கிடையாது, அதனால்தான் யாரும் சொல்வதில்லை.

தேவைப்பட்டால் செய்யவேண்டியது நரம்புக் கடத்தல் பரிசோதனையும், தசையில் மெல்லிய ஊசி வைத்துப் பார்க்கும் பரிசோதனையும். அதிலும் ஒரு சிக்கல். கை விழுந்த முதல் வாரத்தில் எடுத்தால் முடிவு ஏமாற்றும், ஏனென்றால் அடிபட்ட இடத்துக்குக் கீழே நரம்பு சில நாள் வரை நன்றாக வேலை செய்வதுபோலவே காட்டும். சுமார் மூன்று வாரம் கழித்து எடுத்தால்தான் தெளிவான பதில் கிடைக்கும். அவசரப்பட்டு முதல் வாரமே எடுத்துவிட்டு, மூன்று வாரம் கழித்து ‘மறுபடி எடுக்கணும்’ என்று சொல்வதை நிறையப் பார்த்தாயிற்று.

சரி, எப்போது திரும்பும்? அழுத்தத்தில் நரம்பின் மேலுறை மட்டும் நசுங்கியிருந்தால், அழுத்தம் விலகிய சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதங்களுக்குள் கை தூக்க ஆரம்பிக்கும். கட்டையால் வருவது பெரும்பாலும் இந்த வகைதான். உள்ளே இருக்கும் இழையே அறுந்திருந்தால் அது மறுபடி வளர வேண்டும். நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும், அவ்வளவே. அக்குளிலிருந்து முன்கைத் தசைக்கு இருக்கும் தூரத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், மாதக் கணக்கில் போகும். இரண்டிலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அழுத்தத்தை எடுப்பது, மணிக்கட்டைத் தூக்கிப் பிடிக்கும் ஸ்பிளிண்ட் போடுவது, விரல் மூட்டுகள் இறுகாமல் தினமும் மற்ற கையால் அசைத்துக் கொடுப்பது. மூன்று மாதம் ஆகியும் துளி அசைவில்லை என்றால் நரம்பு அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்க்க வேண்டும்.

இப்போது அந்தத் தடவுகிறவர். நசுங்கிப் புண்பட்ட நரம்பை இன்னும் நசுக்குவதற்குப் பணம் கொடுக்கிறீர்கள். நரம்பு சுருளாது, பிசகாது. எண்ணெய் போட்டுக் கட்டைவிரலால் அமுக்கும் அதே இடத்தில் தமனியும் சிரையும் நிணநீர் முடிச்சுகளும் இருக்கின்றன என்று மேலே சொன்னேன். பத்து நாளில் சரியாகும் என்று அவர் சொல்வதில் சூட்சுமம் இருக்கிறது. அந்த நாட்களில் கட்டையை ஓரமாக வைத்துவிடச் சொல்வார். கட்டையை விட்டதால் தானாகத் தேறும் கைக்கு அவர் பேர் வாங்கிக்கொள்வார். மின் அதிர்வு தரும் கருவியை வாடகைக்கு விடுகிறவர்கள், நரம்புக்கு வைட்டமின் ஊசி என்று வரிசையாகப் போடுகிறவர்கள், இவர்கள் தொழிலும் கிட்டத்தட்ட இதே கணக்கில்தான் ஓடுகிறது. வைட்டமின் குறைபாடு இல்லாதவருக்கு வைட்டமின் ஊசி நசுங்கிய நரம்பை நிமிர்த்தாது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ‘காத்திருங்கள், தானாகச் சரியாகும்’ என்பது பொருந்தாது. அதை நிதானமாகவே சொல்கிறேன். கட்டை அழுத்துவது நரம்பை மட்டும் இல்லை, அதற்கு முன்னால் இருக்கும் தமனியையும்தான். மாதக் கணக்கில், வருடக் கணக்கில் கட்டையில் தொங்கி நடப்பவர்களுக்குத் தமனியின் சுவர் தேய்ந்து புடைத்துப்போவது உண்டு. அந்தப் புடைப்புக்குள் ரத்தம் உறையும். உறைந்த கட்டி துண்டு துண்டாக உடைந்து விரல்களுக்கு ஓடும். அல்லது அங்கேயே வழியை அடைத்துவிடும். அப்போது வருவது வேறு அடையாளங்கள்: கை மற்ற கையைவிடச் சில்லென்று இருக்கும், விரல்கள் வெளிறும் அல்லது நீலம் பாயும், கையை வேலை வாங்கினால் வலிக்கும், மணிக்கட்டில் நாடி கிடைக்காது அல்லது மங்கலாகக் கிடைக்கும். தோள்பட்டையைச் சுற்றி மாற்று வழி ரத்தக் குழாய்கள் இருப்பதால் முதலில் எல்லாம் லேசாகத் தெரியும். ‘கொஞ்சம் ஜில்லுனு இருக்கு, அவ்வளவுதான்’ என்று விட்டுவிடுவார்கள். விடக் கூடாது. இரண்டு கைகளின் நாடியையும் ஒரே நேரத்தில் பாருங்கள், இரண்டு உள்ளங்கைகளையும் கன்னத்தில் வைத்து வெப்பம் ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் அன்றே, இரவானாலும், ரத்தநாள அறுவை சிகிச்சை வசதி உள்ள இடத்துக்குப் போக வேண்டும். முழு அடைப்பில் தசை தாங்குவது மணிக்கணக்கில்தான். மூன்று வாரத்தில் உங்களுக்கு இது வந்திருக்க வாய்ப்பு குறைவு. இருந்தாலும் பார்த்துவிடுங்கள்.

கட்டைக்கு வருவோம். அறுவை சிகிச்சைக்கு முன்னால் ஒரு எக்ஸ்ரே, பின்னால் ஒன்று, வீட்டுக்கு அனுப்புமுன் இன்னொன்று. டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரைகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். கட்டை எவ்வளவு உயரம் என்று ஒரு வரி இருக்காது. அதை யாரோ ஒரு ஊழியரோ கடைக்காரரோ கண்ணால் அளந்து கொடுத்துவிடுவார். ‘மேலே நல்லா பஞ்சு வச்சிருக்கு’ என்பார். பஞ்சு வைத்தால் அக்குளில் சாய்ந்துகொள்ளலாம் என்றுதான் நோயாளி நினைப்பார். அதுதான் வினை.

செருப்பு போட்டு நிமிர்ந்து நில்லுங்கள். கட்டையின் கீழ்முனை பாதத்துக்குச் சற்று முன்னால், சற்று வெளியே இருக்கட்டும். மேல்முனைக்கும் அக்குளுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். கைப்பிடி, கை தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை வரும் உயரத்தில். பிடித்தால் முழங்கை லேசாக மடங்க வேண்டும். எடை முழுக்க உள்ளங்கையில். மேல்முனை, மேல்கைக்கும் விலாவுக்கும் நடுவே இடுக்கிக்கொள்வதற்கு மட்டும்தான். களைத்துப்போனால் கட்டையில் சாயாமல் உட்கார்ந்துவிடுங்கள்.

ஆனால் இன்றைக்கே இப்படித் திருத்திக்கொண்டு நடக்க முடியுமா என்றால், முடியாது. வலது கை மணிக்கட்டு நிற்காமல், முழங்கையை நீட்டும் பலமும் குறைந்திருக்கும்போது எடையை உள்ளங்கையில் போட்டால் கட்டை நழுவி விழுவீர்கள், தைத்த காலையும் கெடுத்துக்கொள்வீர்கள். முன்கை முழுவதையும் தாங்கும் தொட்டி வைத்த வாக்கர் உண்டு, பிசியோதெரபிஸ்ட்டிடம் கேளுங்கள். அது கிடைக்கும்வரை சக்கர நாற்காலி. மணிக்கட்டை நீங்களாகவே தூக்கிப் பிடித்துக்கொள்ள முடிகிற அன்று அதே கட்டையை எடுத்துக்கொண்டு பிசியோதெரபிஸ்ட்டிடம் போய், அவர் கண்முன் பத்தடி நடந்து காட்டிவிட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.