பழைய ஜிப்ஸியா, பழைய தாரா? காட்டுப்பாதைக்கு எதை வாங்குவது?

மலைப்பாதை, ஆற்றுமணல் என்று சுற்ற ஒரு பழைய 4x4 (நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி) வாங்கி நீங்களே தயார் செய்யப் போகிறீர்கள். மாருதி ஜிப்ஸி நல்லதா, 2010-இல் வந்த மஹிந்திரா தார் நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் ஓட்டு ஜிப்ஸிக்கு. 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், எடை சுமார் ஒரு டன்தான். கனமான வண்டி புதைகிற சேற்றில் இது தப்பிப் போய்விடும். சிக்கினாலும் நாலு பேர் தள்ளினால் வெளியே வரும். டீசல் தாருக்கு இழுவை அதிகம், ஆனால் கனம். குடும்பத்தோடு தூரம் போகிறவர் தாரையே எடுங்கள். ஜிப்ஸியின் பட்டை ஸ்பிரிங்கில் பின்னால் உட்கார்ந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார்.

எதுவானாலும் மேல் பளபளப்பில் மயங்காமல் கீழே படுத்து சேஸிஸை, அதாவது வண்டியைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தை, பாருங்கள். ஸ்பேனரால் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். 'தொப்' என்றால் துரு. அடியில் மட்டும் புத்தம்புது கறுப்பு பெயிண்ட் இருந்தால் எனக்குச் சந்தேகம்தான். ஒருமுறை அதை நம்பி வாங்கி, வெல்டிங்குக்கே அழுதேன். டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவில் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற கியர் பெட்டி) ஆயில் பால் டீ போல வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. 4எல் (நாலு சக்கர இழுவையில் மெதுவான, பலமான கியர்) போட்டு மண் தரையில் ஓட்டிப் பாருங்கள், தார் ரோட்டில் (வண்டித் தார் இல்லை!) வேண்டாம், கியர்கள் முறுக்கிக்கொள்ளும்.

ஆர்.சி. 15 வருடம் தாண்டியிருந்தால் புதுப்பித்தாயிற்றா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். மிச்சக் காசில் முதலில் டயர்; வின்ச் (சிக்கிய வண்டியைக் கம்பி வடத்தால் இழுக்கிற கருவி), லைட்டெல்லாம் அப்புறம்.