கைதட்டுகிறார்கள், ஆனால் காரணம் தெரியவில்லை!

கேள்வி: அரசுத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். ஆய்வகம் கிடையாது. வீட்டிலிருந்து பொருள்களைக் கொண்டுபோய்ச் சோதனை செய்து காட்டினால் பிள்ளைகள் கைதட்டி ரசிக்கிறார்கள். மறுநாள் 'ஏன் அப்படி ஆச்சு?' என்று கேட்டால் முழிக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: சோதனையை நீங்கள் செய்கிறீர்கள், அவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். பொருளை அவர்கள் கையில் கொடுங்கள். அதைவிட முக்கியம், தொடங்கும் முன்பே 'என்ன நடக்கும்?' என்று ஊகிக்க வைப்பது.

மிதத்தல், மூழ்குதலை எடுத்துக்கொள்வோம். ஐந்தைந்து பேராக உட்காரவைத்து, குழுவுக்கு ஒரு வாளித் தண்ணீர் கொடுங்கள். ஆரஞ்சுப் பழம் மிதக்குமா மூழ்குமா என்று கேட்டு, எத்தனை பேர் எந்தப் பக்கம் என்பதைக் கரும்பலகையில் எழுதுங்கள். போட்டால் மிதக்கும். தோலை உரித்துப் போட்டால் மூழ்கும். எடை குறைந்த பிறகு மூழ்குகிறது! 'கனமானதுதான் மூழ்கும்' என்று அடித்துச் சொன்ன பிள்ளைகள் இங்கேதான் வாதாடத் தொடங்குவார்கள். உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். உரித்த தோலைத் தனியாகப் போட்டுப் பார்க்கட்டும், பிய்த்துப் பார்க்கட்டும். 'தோலுக்குள்ள காத்து இருக்கு டீச்சர்' என்று ஒரு குரல் வந்தால் போதும். அடர்த்தி என்ற சொல் இந்த வயதில் அவசரமில்லை. நடுவில் காற்று உள்ள சில பழங்கள் உரித்தும் மிதக்கும், அதனால் முதல் நாளே வீட்டில் போட்டுப் பாருங்கள்.

அடுத்து, சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளில் ஒரே அளவில் இரண்டு துண்டு. ஒன்றில் படகு செய்து, எத்தனை புளியங்கொட்டை தாங்குகிறது என்று எண்ணட்டும். இன்னொன்றை மூழ்க வைக்கக் கையால் கசக்கினால் மட்டும் போதாது, உள்ளே காற்று தங்கிவிடும். சிறிதாக மடித்துக் கல்லால் தட்டி நசுக்க வேண்டும்.

தண்ணீர் ஊற்றிய தட்டில் எரியும் மெழுகுவத்தியை நிறுத்தி, டம்ளரால் மூடி, உள்ளே தண்ணீர் ஏறுவதைக் காட்டுபவராக இருந்தால் ஒரு வேண்டுகோள். ஆக்சிஜன் தீர்ந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது என்று சொல்லாதீர்கள். சூட்டில் விரிந்த காற்று, சுடர் அணைந்ததும் குளிர்ந்து சுருங்குவதே முக்கியக் காரணம். தீ வைத்துச் செய்யும் சோதனைகளை மட்டும் நீங்களே செய்யுங்கள்.

நோட்டில் ஒரு படம், 'நான் நினைத்தது', 'நடந்தது' என்று இரண்டு வரி எழுதினால் போதும். மறுநாள் நேற்றைய காரணத்தைக் கேட்க வேண்டாம். மூடி போட்ட காலி பாட்டிலையும், அதைவிட எடை குறைந்த சிறு கல்லையும் கையில் கொடுத்து ஊகிக்கச் சொல்லுங்கள். புரிந்ததா இல்லையா என்பது அதில் தெரிந்துவிடும்.