நரிவால் ஆர்க்கிட்: கேள்வி பதில்

கேள்வி: மாமரக் கிளையில் நரிவால் ஆர்க்கிட் தானாக முளைத்திருக்கிறது. மரத்தின் சாற்றை உறிஞ்சுமா? பிடுங்கிவிடலாமா?

பதில்: பிடுங்காதீர்கள் ஐயா. நரிவால் ஆர்க்கிட் (அறிவியல் பெயர் ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டூசா) தொற்றுத்தாவரம், ஒட்டுண்ணி அல்ல. அதன் வேர் பட்டையைப் பற்றிக்கொள்ளும், துளைத்து உள்ளே போகாது. மழையும் பட்டையில் வழியும் நீரும் அதற்குப் போதும்.

கேள்வி: வேரெல்லாம் வெளுத்துக் கிடக்கிறதே, செடி காய்ந்துவிட்டதா?

பதில்: இல்லை. அந்த வெள்ளை உறைக்கு வெலாமன் என்று பெயர். உயிரற்ற செல்களாலான பஞ்சு போன்ற அடுக்கு அது. உலர்ந்திருக்கையில் காற்று நிரம்பி வெளுத்துத் தெரியும். நனைந்ததும் உள்ளேயிருக்கும் பச்சையம் வெளியே தெரியும். நீர் ஊற்ற இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது: வேர் பச்சையாகும்வரை தெளியுங்கள், மறுபடி வெளுத்த பிறகே அடுத்த முறை. செத்த வேர் விரலால் அழுத்தினால் நசுங்கும். உறை கழன்று நூல் போன்ற நடுநரம்பு மட்டும் மிஞ்சும்.

கேள்வி: செம்மண்ணும் மண்புழு உரமும் கலந்து தொட்டியில் நட்டேன். அடியிலைகள் வரிசையாக மஞ்சளாகி உதிர்கின்றன.

பதில்: காற்றில்லாமல் வேர் அழுகுகிறது அம்மா. இன்றே எடுத்து, மண் போகக் கழுவி, அழுகிய வேர்களைத் தீயில் காட்டி ஆறவைத்த கத்தியால் நறுக்குங்கள். ஒரு நாள் நிழலில் உலரட்டும். பிறகு மரக்கூடையில் இரண்டு மூன்று செ.மீ. கரித்துண்டுகள் போட்டு, தண்டின் அடி புதையாமல் வையுங்கள். காலையில் மட்டும் நீர். இரவு முழுக்க உச்சி இலைகளின் இடுக்கில் நீர் தேங்கினால் குருத்து அழுகும். இந்த இனத்தின் தண்டு ஒரே நுனியால்தான் மேலே வளரும். அது போனால் அந்தத் தண்டு நின்றுவிடும். அடியிலிருந்து பக்கக்கன்று வந்தால்தான் உண்டு.

கேள்வி: இலை கரும்பச்சையாகச் செழிப்பாக இருக்கிறது, பூ மட்டும் வரவில்லை.

பதில்: அந்தக் கரும்பச்சைதான் காரணம், வெளிச்சம் போதவில்லை. இளம்பச்சையாகும்வரை, சில வாரங்களில் மெல்ல மெல்ல, காலை வெயில் படும் இடத்துக்கு நகர்த்துங்கள். ஒரேயடியாக வெயிலில் வைத்தால் இலை வெந்துவிடும். குளிர்காலத்தில் நீரைக் குறையுங்கள். இந்தியாவில் பெரும்பாலும் கோடையில், இலைக்கக்கத்திலிருந்து பூங்கொத்து தொங்கும். முதிர்ந்த செடியில் ஒரே கொத்தில் நூறு பூக்களுக்கு மேலும் வரும்.

கேள்வி: இதைப் போலவே இருக்கும் ஏரிடிஸ் என்ற ஆர்க்கிட் வகையிலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

பதில்: இலைநுனியை நம்பாதீர்கள், இரண்டிலுமே வெட்டுப்பட்டதுபோல இருக்கும். பூவின் பின்புறக் குழலைப் பாருங்கள். ஏரிடிஸில் அது முன்னோக்கி வளைந்திருக்கும். நரிவாலில் பக்கவாட்டில் தட்டையாகிப் பின்னோக்கி நிற்கும்.

கேள்வி: காய் வெடித்து விதை வந்திருக்கிறது. தூவலாமா?

பதில்: தூசி போன்ற அந்த விதையில் சேமிப்பு உணவே கிடையாது. இயற்கையில் தகுந்த பூஞ்சை சேர்ந்தால்தான் முளைக்கும். வீட்டில் தூவிப் பயனில்லை. ஆய்வகத்தில் சர்க்கரையும் உப்புகளும் சேர்த்த அகார் (கடற்பாசிக் கூழ்) குடுவையில்தான் முளைக்கவைக்கிறார்கள்.