ஹெட்லைட் மங்கிப்போச்சா? தேய்ப்பதற்கு முன் கேட்ட கேள்விகள்

பினாங்கின் பிறை வட்டாரத்தில் கார்களுக்குச் சாயம் அடிப்பது 19 ஆண்டுகளாக என் வேலை. ஹெட்லைட் பற்றி என்னிடம் வந்த கேள்விகளுக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்லியிருக்கிறேன்.

என் பெரோடுவா மைவி காருக்கு ஒன்பது வயசு. ஹெட்லைட் ரெண்டும் மஞ்சள். ஒரு பக்கம் மோட்டார் சைக்கிள் உரசின கீறலும் இருக்கு. வீட்டிலேயே சரி பண்ணலாமா அண்ணே? (ஜெலுத்தோங்)

பண்ணலாம் தம்பி. முதலில் கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் வழுக்கிப் போனால் கீறல் முழுசாக மறைந்துவிடும். நகம் மாட்டி நின்றால் அது ஆழமானது. அதை மங்கவைக்கலாம், அடியோடு எடுக்க முடியாது. பிடிவாதமாக அந்த ஓரிடத்தையே தேய்த்தால் பிளாஸ்டிக்கில் பள்ளம் விழுந்து வெளிச்சம் கோணலாகச் சிதறும்.

கார்க் கடையிலோ ஹார்ட்வேர் கடையிலோ தண்ணீர் ஊற்றித் தேய்க்கிற கறுப்பு மணல்தாள் கேளுங்கள். மலாயில் கெர்த்தாஸ் பாசிர் என்றால் உடனே எடுத்துக் கொடுப்பார்கள். 800, 1000, 1500, 2000, 3000 என்று ஐந்து எண்கள் வேண்டும். எண் கூடக் கூடத் தாள் நைசாக இருக்கும். பழைய பூச்சு தோல் தோலாக உரிந்திருந்தால் 400-இல் தொடங்குங்கள். காரைக் கழுவி, விளக்கைச் சுற்றியிருக்கும் சாயத்தின் மேல் டேப்பை இரண்டு சுற்று ஒட்டுங்கள். டேப் ஒட்டச் சோம்பல்பட்டு பானட் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் நிறைய.

ஒரு வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு சில துளி விட்டு, தாளை நனைத்து நனைத்துத் தேய்க்க வேண்டும். முதல் தாளைப் படுக்கை வாட்டில் ஓட்டினால் அடுத்ததை நெட்டுக்குத்தாக ஓட்டுங்கள். அப்போதுதான் முந்தைய தாளின் கோடுகள் போய்விட்டனவா என்று கண்ணுக்குத் தெரியும். ஆரம்பத்தில் மஞ்சளாகச் சேறு வடியும். அது பால் மாதிரி வெள்ளையாக மாறினால் பழைய பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு முன் அடுத்த எண்ணுக்குத் தாவாதீர்கள். துடைத்துக் காயவைத்துப் பார்த்தால் விளக்கு முழுக்கப் பனி படர்ந்தது போல இருக்கும். அதைக் கண்டு பயப்படாதீர்கள். நடுவில் எங்காவது பளபளவென்று திட்டு தெரிந்தால் அங்கே பழைய பூச்சு மிச்சம் இருக்கிறது. 3000 முடிந்ததும் பாலிஷ் காம்பவுண்டை மைக்ரோஃபைபர் துணியில் தொட்டு அழுத்தித் தேய்த்தால் கண்ணாடி போல ஆகிவிடும்.

இரண்டு விளக்குக்கும் அரை நாள் ஒதுக்குங்கள். ஆனால் வேலை இதோடு முடியவில்லை. தேய்க்கத் தொடங்கும் முன் அடுத்த இரண்டு பதில்களையும் படியுங்கள்.

பற்பசை போட்டுத் தேய்த்தேன். அன்றைக்குப் புதுசு மாதிரி இருந்தது. ரெண்டே மாதத்தில் பழையபடி மஞ்சள். என்ன தப்பு செய்தேன்? (பட்டர்வொர்த்)

தேய்த்ததில் தப்பில்லை அக்கா. தேய்த்த பிறகு ஒன்றும் பூசாமல் விட்டதுதான் தப்பு.

ஹெட்லைட்டின் முகம் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். கல் பட்டாலும் சுலபத்தில் உடையாது. ஆனால் மென்மையானது, லேசாகக் கீறல் விழும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகும். அதனால்தான் தொழிற்சாலையிலேயே அதன் மேல் கெட்டியான பூச்சு ஒன்றைப் போட்டு அனுப்புகிறார்கள். நாம் பார்க்கும் மங்கலில் பெரும்பங்கு அந்தப் பூச்சு செத்துப்போவதுதான். பற்பசையானாலும் மணல்தாளானாலும் அந்தச் செத்த தோலை எடுக்கிறது. அப்புறம் பிளாஸ்டிக் நம் ஊர் வெயிலுக்கு வெறும் உடம்போடு நிற்கிறது. தேய்ப்பது பாதி வேலை, பூசுவது மீதிப் பாதி. பூசப் போவதில்லை என்றால் தேய்க்கவே வேண்டாம் என்பேன்.

அப்படியானால் எதைப் பூசுவது? வேக்ஸ் போதுமா? (சுங்கை டுவா)

வேக்ஸ் நாலு மழைக்குத் தாங்காது. துணியால் தடவும் புற ஊதாத் தடுப்புப் பூச்சு ஹெட்லைட் கிட்டோடு வரும். சுலபமானது, ஆனால் அடிக்கடி திரும்பப் போட வேண்டும். நீண்ட நாள் நிற்பது சாயப் பட்டறையில் நாங்கள் அடிக்கும் 2கே க்ளியர்தான், அதாவது இரண்டு பாகம் கலந்து இறுகும் நிறமில்லாத மேல்பூச்சு. இப்போது அது ஸ்ப்ரே டப்பாவிலும் கிடைக்கிறது. டப்பாவின் அடியில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் உள்ளே ஹார்ட்னர் என்ற இறுக்கும் திரவம் கலக்கும். கலந்துவிட்டால் டப்பாவுக்குள்ளேயே இறுக ஆரம்பித்துவிடும். அதனால் இரண்டு விளக்கையும் தேய்த்துத் தயாராக வைத்துக்கொண்டு பிறகு அழுத்துங்கள்.

க்ளியர் அடிப்பதாக இருந்தால் 3000 வரை போகவும் வேண்டாம், காம்பவுண்டும் வேண்டாம். 1000 அல்லது 1500-இல் நிறுத்துங்கள். க்ளியர் பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். அந்த மெல்லிய கோடுகளை அதுவே நிரப்பிவிடும். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, லேசாக ஒரு கை, பத்து நிமிடம் விட்டு இன்னொரு கை, தேவைப்பட்டால் மூன்றாவது. முதல் கையிலேயே பளபளக்க வேண்டும் என்று கொட்டினால் வழியும். வானம் கறுத்திருந்தால் அன்றைக்கு வேண்டாம். ஈரக்காற்றில் க்ளியர் பால் பூத்துப்போகும்.

இதை அழுத்திச் சொல்கிறேன்: 2கே க்ளியரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கெடுதல், ஆஸ்துமா வரலாம். சாதாரணத் துணி மாஸ்க் உதவாது. ரசாயன ஆவிக்கான வடிகட்டி வைத்த மாஸ்க் போட்டு, திறந்த வெளியில் அடியுங்கள். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிடுங்கள். அந்த மாஸ்க் இல்லையென்றால் தடவும் பூச்சே போதும்.

கொசு விரட்டும் ஸ்ப்ரே அடித்தால் பளிச்சென்று ஆகிறதே? (நிபோங் திபால்)

அதில் உள்ள டீட் என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கின் மேல்தோலைக் கரைக்கிறது. பளிச்சென்று தெரிவது அந்தக் கரைசல்தான். செய்யாதீர்கள்.

தின்னரும் அப்படித்தான். வேலை பழகிய காலத்தில் ஒரு வாடிக்கையாளரின் ஹெட்லைட்டில் ஒட்டியிருந்த பிசினைத் தின்னரால் துடைத்துவிட்டேன். மறுநாள் காலையில் உள்ளுக்குள் சிலந்தி வலை மாதிரி விரிசல். கைக்காசு போட்டுப் புது விளக்கு வாங்கிக் கொடுத்தேன். பாலிகார்பனேட் மேல் தின்னர், அசிட்டோன், பெட்ரோல் எதுவும் படக்கூடாது.

ஆன்லைனில் ஒரு குவளையும் திரவமும் விற்கிறார்கள். சூடாக்கி ஆவி பிடித்தால் பத்து நிமிடத்தில் தெளிகிறதாம். வாங்கலாமா? (பாயான் லெப்பாஸ்)

வேண்டாம். டைகுளோரோமீத்தேன் போன்ற கரைப்பானின் ஆவிதான் அந்த வேலையைச் செய்கிறது. ஆவி மேல்தோலை உருக்கிச் சமப்படுத்தும், படத்தில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த ஆவியைச் சுவாசிப்பது ஆபத்து. விளக்கிலும் பின்னால் விரிசல் விழ வாய்ப்புண்டு. புற ஊதாவைத் தடுக்கும் பூச்சும் அதில் இல்லை.

இடது விளக்கு மட்டும் ஏன் அதிகம் மஞ்சள்? ரெண்டும் ஒரே வயசுதானே? (பாயான் பாரு)

கார் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் தூண் நிழலிலும் மறுபக்கம் மாலை வெயிலிலும் நின்றால் இப்படி ஆகும். முடிந்தால் காரைப் பின்பக்கமாக உள்ளே விடாமல், மூக்கைச் சுவர்ப் பக்கம் வைத்து நிறுத்துங்கள்.

மழை பெய்தால் விளக்குக்கு உள்ளே நீர்த்துளி நிற்கிறது. தேய்த்தால் போகுமா? (ஆயர் ஈத்தாம்)

போகாது. சீல் விட்டிருக்கும், அல்லது பின்மூடி சரியாக மூடவில்லை. போர்மேனிடம் (கார் மெக்கானிக்கிடம்) காட்டுங்கள். லேசாகப் பனி படர்ந்து, விளக்கைப் போட்ட கொஞ்ச நேரத்தில் கலைந்தால் கவலை இல்லை.

அப்பாவின் பழைய புரோட்டான் சாகா கார். ஹெட்லைட்டில் கீறல். இதே முறைதானா? (புக்கிட் மெர்தாஜாம்)

முதலில் விரலால் தட்டிப் பாருங்கள். 1985-இல் வந்த முதல் தலைமுறை சாகாவில் கண்ணாடி விளக்கு. கண்ணாடி 'டிங்' என்று ஒலிக்கும், பிளாஸ்டிக் 'டொக்' என்று மந்தமாகக் கேட்கும். பிளாஸ்டிக் முகம் கொண்ட பல விளக்குகளின் ஓரத்தில் 'பிஎல்' (PL) என்று அச்சிட்டிருப்பார்கள். கண்ணாடி மஞ்சளாகாது. அதில் மணல்தாளை வைக்காதீர்கள். கண்ணாடிக்குச் சீரியம் ஆக்சைடு பாலிஷ் தனியாக இருக்கிறது.

எனக்கு 67 வயசு. ராத்திரியில் சாலை சரியாகத் தெரியவில்லை. கண் மங்கலா, விளக்கு மங்கலா என்று புரியவில்லை. 100 வாட் பல்ப் போடலாமா? (கெப்பாலா பாத்தாஸ்)

100 வாட் வேண்டாம் ஐயா. எச்4 வகை பல்புக்கு 60/55 வாட்தான் (தூர வெளிச்சத்துக்கு 60, கிட்ட வெளிச்சத்துக்கு 55) கணக்கு. அதற்கு மேல் போனால் சூட்டில் பிளாஸ்டிக்கும் ஒயரும் கெடும், எதிரில் வருபவருக்கும் கண் கூசும்.

ஒன்று செய்து பாருங்கள். இரவில் ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் உங்கள் காரையும் மகன் அல்லது பக்கத்து வீட்டுக்காரரின் புதுக் காரையும் சம தூரத்தில் நிறுத்தி விளக்கைப் போடுங்கள். உங்கள் வெளிச்சம் கலங்கி, விளிம்பு இல்லாமல் பரவினால் குறை விளக்கில்தான். அமெரிக்காவின் ஏஏஏ வாகன ஓட்டிகள் சங்கம் 2018-இல் சோதித்தபோது, மங்கிய ஹெட்லைட் புதியதில் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் தந்தது. தேய்த்துச் சரிசெய்தபோது ஏறக்குறைய 70 சதவீதம் வரை திரும்பியது. அதாவது தேய்ப்பது பெரிய உதவி, ஆனாலும் புதுசுக்கு ஈடாகாது. நீங்கள் இரவில் அடிக்கடி ஓட்டுபவராக இருந்தால் புது விளக்கோ, ஹாஃப்கட் கடையில், அதாவது பழைய கார்ப் பாகங்கள் விற்கும் கடையில், தெளிவான பழைய விளக்கோ போட்டு, ஒளியின் உயரத்தையும் சரிபார்த்துவிடுங்கள். சுவரில் இரண்டு காரின் வெளிச்சமும் ஒரே மாதிரி தெரிந்தால், அடுத்த வாரமே கண் மருத்துவரைப் பாருங்கள். அதுவரை ராத்திரியில் மகனை ஓட்டச் சொல்லுங்கள்.